இன்று எத்தனை அடி

மே 3, வெள்ளி, 2024

அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தேன். துடுப்புப் போட்டால் பரிசல் நகரவில்லை, நின்ற இடத்திலேயே சுற்றியது. அப்பா வலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது சுற்றில்தான் வாய் திறந்தார்: "பக்கத்துல போடாத பாப்பா. முன்னாடி போட்டு உன் பக்கம் இழு. இல்லாட்டி செக்குமாடுதான்."

ஆறு ஜிலேபி மீன், ஒரு கெளுத்தி. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் தொடக்கமாம். இதுவரைக்கும் அடித்தது என்ன நட்சத்திரம்?

மே 5, ஞாயிறு

அம்மா கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை அடி?" கால் எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்பதற்குள் கேட்டுவிடுகிறாள்.

மேட்டூர் அணையின் நீர்மட்டம் ஐம்பதை ஒட்டி இருக்கிறது. மொத்தம் 120, அதில் ஐம்பது என்றால் பாதிக்குக் கொஞ்சம் கம்மி என்று வெளியூரில் இருந்தபோது நானும் நினைத்திருக்கிறேன். அணை தொட்டி மாதிரி இல்லை, சட்டி மாதிரி. அடி குறுகல், மேலே போகப்போக அகலம். நிரம்பினால் 93.47 டிஎம்சி. ஐம்பது அடியில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கிடக்கும். பண்ணவாடியில் நின்று பார்த்தால் அணை என்றே சொல்ல முடியாது. நடுவில் ஆறு, இரண்டு பக்கமும் வெடித்த சேறு, அதற்கு மேலே யாரோ எள் விதைத்த காடு.

மே 7, செவ்வாய்

தம்பி மகனின் மீன்தொட்டித் தெர்மாமீட்டரைச் சுட்டுக்கொண்டு போனேன். விடிகாலை ஐந்தரைக்கு ஓரத்தில் 29. மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் 35. ஒரு பாகம் ஆழத்தில், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, கயிறு கட்டி இறக்கினால் 31. அப்பா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "காய்ச்சலா அதுக்கு?" என்றார்.

காய்ச்சல்தான். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது. வரவு குறைகிற மாதத்தில்தான் செலவு ஏறும், எங்கள் வீட்டைப் போல. இதில் பாசி வேறு. பகலில் வெயிலைக் குடித்து ஆக்சிஜன் விடும். ராத்திரி முழுக்க அதுவே இழுத்துக்கொள்ளும். அதனால் மீனுக்கு மோசமான நேரம் உச்சிவெயில் இல்லை, விடிகிறதுக்குச் சற்று முன்னால். காலேஜில் படித்தபோது மார்க் வாங்கிய பாடம். அப்போது இது யாருடைய சோறு என்று தோன்றவில்லை.

அப்பாவுக்கு மில்லிகிராம் தெரியாது. "மேல நிக்க முடியாது, சூடு. அடியில போக முடியாது, அங்க மூச்சு இல்ல. நடுவுல ஒரு பாகத்துல நெருக்கிக்கிட்டு நிக்கும். அங்க வலை நிக்கணும்" என்றார். கல்லின் எடையைக் குறைத்து, கயிற்றை நீட்டி, வலையை அந்த நடுப்பாகத்தில் தொங்கவிட்டார்.

மே 8, புதன்

அமாவாசை இருட்டு. இரண்டு கட்லா, ஒரு ரோகு, ஜிலேபி ஒரு கூடை. அப்பா சிரித்ததைப் பார்த்து எத்தனை நாள்.

கடலில் ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். வியாபாரிகள் விடியுமுன்பே கரையில் நிற்கிறார்கள். கட்லாவுக்கு இரண்டு பேர் சண்டை.

அவர் போன் பண்ணினார். எடுக்கவில்லை.

மே 10, வெள்ளி

நந்தியைப் பார்க்க ஒரு வேன் நிறைய ஆட்கள். பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி அது. 1934இல் அணை கட்டி முடித்தபோது கோயிலோடு ஊரும் உள்ளே போனது. தண்ணீர் இறங்கினால் முதலில் சர்ச் கோபுரம் தெரியும், பிறகு நந்தி. இப்போது நடந்தே போய்த் தொடலாம். பிள்ளைகள் முதுகில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். எல்லோருக்கும் அது அதிசயம். அம்மாவுக்கு மட்டும் அது கடன்காரன் முகம். "அது வெளிய வந்தாலே நமக்கு ஆகாது, கண்ணு."

மே 12, ஞாயிறு

நாற்றம். காற்று மேற்கிலிருந்து அடித்தால் வீட்டுக்குள்ளும் வருகிறது. தேங்கின இடத்தில் எல்லாம் பச்சை, பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி. பரிசலைச் சுற்றிலும் பச்சை ஒட்டிக்கொண்டது. கழுவினால் கையில் போகவில்லை.

ஓரத்தில் செத்த மீன்கள். பெரும்பாலும் கெண்டைக் குஞ்சு. ஜிலேபி ஒன்றுகூட இல்லை. அது எதற்கும் சாகாது. 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மீன், இன்றைக்கு இந்தத் தண்ணீரில் பிறந்தவனைப் போல் திரிகிறது. நியாயமாகப் பார்த்தால் கட்லாவும் ரோகுவும்கூட வடக்கே கங்கைப் பக்கத்தவை. அப்பாவிடம் சொன்னேன். "இங்க வந்து எத்தன வருசம் ஆச்சு, இன்னும் வந்தவன்னே சொல்லுவியா" என்றார். மீனைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மே 13, திங்கள்

தூங்கவில்லை.

மே 17, வெள்ளி

நேற்று ராத்திரி மழை. காற்றும் இடியுமாக இரண்டு மணி நேரம். வாசலில் நின்று நனைந்தேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அப்பா மட்டும் எழுந்து வரவில்லை. "விடியட்டும்" என்றார்.

விடிந்தபோது புரிந்தது. செட்டிப்பட்டிப் பக்கத்து மடுவில் மீன்கள் வாயை மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நூற்றுக்கணக்கான வட்ட வாய்கள், திறப்பதும் மூடுவதுமாக. மழைத்தண்ணீர் குளிர்ச்சி, கனம். அது விழுந்ததும் மேல்தண்ணீர் கீழே இறங்கும், அடியில் மாதக்கணக்காக அழுகிக்கொண்டிருந்த மூச்சில்லாத தண்ணீர் மேலே கலக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி ஆகிவிட்டால், ஒதுங்கி நிற்க அந்த நடுப்பாகமும் இல்லை. கோடையில் மீனைக் கொல்வது வெயிலைவிட வெயிலுக்கு நடுவில் வருகிற ஒரு ராத்திரி மழை.

கையாலேயே அள்ளலாம். பக்கத்துப் பரிசலில் அள்ளினார்கள். அப்பா வலையை விரிக்கவில்லை, துடுப்பை வாங்கி மடுவுக்குள் ஓங்கி ஓங்கி அடித்தார். நுரை கிளம்பியது. காற்று போகட்டுமாம். அரை மணி நேரம் அடித்தார். அந்த மடுவுக்கு அது எம்மாத்திரம்? நான் கேட்கவில்லை. மூச்சு வாங்கியபோது துடுப்பை நான் வாங்கிக்கொண்டேன்.

மே 18, சனி

ஏலத்தில் நேற்றைய மீன் மலையாகக் குவிந்து, விலை விழுந்தது. சொன்னேனே என்று அப்பா சொல்லவில்லை. அவர் எப்போதும் சொல்வதில்லை. அதுதான் சங்கடம்.

மே 23, வியாழன்

பௌர்ணமி. நிலா வெளிச்சத்தில் நரம்பு வலை மின்னுகிறது, மீன் விலகிப் போகிறது. மூன்று ஜிலேபி. வீட்டுக்கே ஆயிற்று.

மே 28, செவ்வாய்

அக்னி முடிந்தது. யாரும் அதற்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

அமாவாசை என்று நம்பிப் போட்டது. வலை கனத்தது, இரண்டு பேரும் இழுத்தோம். வந்தது டேங்க் கிளீனர். ஒன்றல்ல, ஒன்பது. யாரோ வீட்டுத் தொட்டியில் வளர்த்து, பெருத்ததும் மனசாட்சியோடு ஆற்றில் விட்ட மீன். உடம்பெல்லாம் ஓடு, துடுப்பெல்லாம் முள். அறுத்துத்தான் எடுக்க வேண்டும், மீனை இல்லை, வலையை. வாங்க ஆள் கிடையாது. பூனைகூட முகர்ந்துவிட்டுப் போகிறது.

மாலை முழுக்க வலை பொத்தல். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி நூல் கோத்துக் கொடுத்தாள். அவள் முடிச்சு அரிசி மாதிரி, என் முடிச்சு புளியங்கொட்டை.

வக்கீல் போன். தேதி தள்ளிப் போயிருக்கிறது.

ஜூன் 12, புதன்

வழக்கமாகக் குறுவைக்குத் திறக்கிற நாள். திறக்கவில்லை. திறக்க என்ன இருக்கிறது? நாற்பதுகளில் நிற்கிறது. டெல்டாக்காரர்கள் டிவியில் கோபமாகப் பேசினார்கள். அவர்களுக்கு நாற்று, எங்களுக்கு மீன். திறந்தால் அவர்களுக்கு ஆகும், எங்களுக்கு இன்னும் இறங்கும். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "நெல்லு விளையாம மீனு யாரு வாங்குவா" என்று சேனலை மாற்றினார்.

ஜூன் 19, புதன்

ஒரு பெண் ஜிலேபி. தாடை உப்பியிருந்தது. தூக்கியதும் வாயிலிருந்து குஞ்சுகள் கொட்டின, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, பரிசலின் தார்மேல் துள்ளின. முட்டையை வாயில் வாங்கி, பொரித்து, குஞ்சு நீந்தும்வரை வாயிலேயே வைத்திருக்கும். அத்தனை நாளும் சரியாகத் தின்னாது. உடம்பு பிடித்துப் பார்த்தால் தலை மட்டும்தான் மீன், மற்றது தோல்.

தண்ணீரை அள்ளி அள்ளிக் குஞ்சுகளை வெளியே ஊற்றினேன். தாயையும் விட்டேன். அப்பா பார்த்தார். அன்றைய கணக்கில் ஒரு கால் கிலோ குறைவு.

அவர் போன் பண்ணினார். எடுத்தேன். எதிர்முனையில் பேச்சு வரவில்லை. நானும் பேசவில்லை. வைத்துவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

ஒன்றுமில்லை.

ஜூலை 4, வியாழன்

நாற்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அம்மா கேட்டபோது "நாற்பத்தஞ்சு" என்றேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து, தூரத்துச் சேற்றைப் பார்த்து, "பொய் சொன்னா இன்னும் நாலஞ்சு அடியாவது கூடச் சொல்லணும்" என்றாள்.

பரிசலைக் கவிழ்த்துப் போட்டு மூங்கிலுக்குத் தார் பூசினோம். சும்மா இருக்கிற நாளில் செய்கிற வேலை. அந்த வாசனை மட்டும் சின்ன வயதிலிருந்து மாறவில்லை.

ஜூலை 12, வெள்ளி

எல்லோரும் வயநாட்டு மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கே பெய்தால் கபினி, கபினி வழிந்தால் நாம். குடகில் பெய்தால் கிருஷ்ணராஜசாகர். எங்கள் தலைக்கு மேல் ஒரு மேகமும் இல்லை. எங்கள் மழை எப்போதும் வேறு ஊரில்தான் பெய்கிறது.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. கபினியில் திறந்துவிட்டார்கள். அப்பா மூன்று முறை கரைக்குப் போய் வந்தார். குச்சி நட்டு வைத்திருக்கிறார்.

ஜூலை 19, வெள்ளி

குச்சியைக் காணோம்.

ஜூலை 20, சனி

தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. பச்சைக்குள் செந்நிறம் நாக்கு நீட்டிக்கொண்டு வருகிறது, இரண்டும் கலக்காமல் கோடு போட்ட மாதிரி கொஞ்ச தூரம் போகின்றன. செங்கோட்டுக்கு இந்தப் பக்கம் தெர்மாமீட்டரில் 31, அந்தப் பக்கம் 26. கை வைத்தாலே தெரிகிறது. அம்மாவுக்கு ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். முகர்ந்தாள். "கொடகு மண்ணு" என்றாள். எங்கே போய்ப் பார்த்தாளோ.

ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை.

ஜூலை 22, திங்கள்

புதுத்தண்ணீர் வாடைக்குச் சினைமீன் எதிர்த்து ஏறும். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் ஓடுகிற தண்ணீரைத் தேடித்தான் முட்டை போடும், தேங்கின தண்ணீரில் போடாது. மூன்று மாதம் வாயே திறக்காதவை இப்போது ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே போகின்றன. நந்தியின் கால் நனைந்துவிட்டது.

நந்திக்குப் பின்னால் இரண்டு வலை கட்டினோம். மேட்டில்தான், சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சினை என்பதாலா, நீரோட்டம் என்பதாலா, தெரியவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

ஏழு கிலோவில் ஒரு கட்லா. வயிறு முழுக்க முட்டை. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். தண்ணீரில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டில் இதைச் சொல்லக் கூடாது என்று கரை வரும்போது சொன்னார்.

ஜூலை 24, புதன்

வலை எடுக்கப் போக முடியவில்லை. சுழல்.

ஜூலை 27, சனி

நூறு அடி. அம்மா இரண்டு முறை சொல்லச் சொன்னாள்.

மூன்று வாரத்துக்கு முன் நாற்பது. நாங்கள் நடந்துபோன சேறு, எள்ளுக் காடு, வேன் நின்ற இடம், மடு, எல்லாம் உள்ளே. நந்தி எங்கே என்று கை நீட்டிக் காட்டினால் காட்டுகிற இடமே ஒவ்வொருவருக்கும் வேறாக இருக்கிறது. வலை இரண்டும் அங்கேதான். கயிறு அறுந்திருந்தால் பரவாயில்லை. அறுந்திராவிட்டால் அடியில் நின்றுகொண்டே மீன் பிடித்துக்கொண்டிருக்கும், எடுக்க ஆளில்லாமல். இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

டெல்டாவுக்குத் திறந்துவிட்டார்கள். டிவியில் பூத் தூவினார்கள். பரிசல் புளியமரத்தில் கட்டியிருக்கிறது.

ஜூலை 30, செவ்வாய்

சாயங்காலம் 120. தெருவே கரைக்குப் போய்விட்டது. அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைத் திருப்பிப் பார்த்து, காய்ப்பை விரலால் தடவினாள்.

வக்கீல் ஒன்பதாம் தேதி என்கிறார். அப்பா இரண்டு வலைக்கு நூல் வாங்கி வந்திருக்கிறார், கண்ணி எத்தனை விரல் வைக்கலாம் என்று என்னைக் கேட்கிறார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.