சமமான புல்தரை வேண்டும் என்கிறவர்களுக்கு

குன்னூரிலும் கோத்தகிரியிலும் இடம் வாங்கி வீடு கட்டி முடித்துவிட்டு, கடைசியில் தோட்டத்துக்கு என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “பசங்க ஓடி விளையாட ஒரு சமமான புல்தரை வேணும், மிச்சத்த நீங்க பாத்துக்குங்க.” கேட்பதில் தப்பில்லை. சென்னையிலோ கோவையிலோ தோட்டம் என்றால் அதுதான். ஆனால் மலையில் சமதரை என்று ஒன்று கிடையாது, அதை நாம்தான் உண்டாக்க வேண்டும், அதற்கு மேட்டுப் பக்கத்தை வெட்டி அந்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி நிரப்ப வேண்டும், அப்படி நிரப்பிய மண் எத்தனை வருஷம் ஆனாலும் பழைய மண்ணோடு சரியாகச் சேராது. ஒரு நல்ல மழையில் பிரிந்து கீழே இருக்கிறவர் வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

2009 நவம்பரில் நீலகிரியில் நடந்தது நினைவிருக்கும். கேத்தி, அச்சனக்கல், குன்னூர் என்று இடம் இடமாகச் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மழை பேய்மழைதான், ஆனால் நேராக வெட்டிவிட்ட சரிவுகளும் தண்ணீர் போக வழி இல்லாததும் அதோடு சேர்ந்துகொண்டன. இன்றைக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் பொக்லைன் இறக்க முடியாது என்பதைப் பலர் தொந்தரவாக நினைக்கிறார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. கடப்பாரையும் மண்வெட்டியுமாக வேலை நடக்கும்போது மலையை எவ்வளவு வெட்டுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

அதனால் ஒரு இடத்துக்குப் போனால் செடியைப் பற்றி நான் பேச்சே எடுப்பதில்லை. முடிந்தால் மழை பெய்யும்போது போவேன். மேலிருந்து தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் வேகம் எடுக்கிறது, கடைசியில் யார் நிலத்தில் போய் விழுகிறது, இதைப் பார்த்துவிட்டால் தோட்டத்தின் பாதி வரைபடம் கையில் வந்த மாதிரி. மேட்டின் தலைப்பில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி வெளித்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பி விடுவது முதல் வேலை. அப்புறம்தான் பாதை, படி, கடைசியாகச் செடி. மண் வேலை முழுவதும் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்துவிட வேண்டும். நடவு ஜூனில். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது, அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சி, கூடலூர் பக்கம் என்றால் கணக்கே வேறு, அங்கே தென்மேற்குப் பருவமழைதான் எஜமான்.

தடுப்புச்சுவர் விஷயத்தில் எனக்கும் கட்டட ஒப்பந்ததாரர்களுக்கும் எப்போதும் சண்டை. அவர்களுக்கு உயரமாக ஒரே ஒரு கான்கிரீட் சுவர் போதும். எனக்கு இடுப்பளவுக்கு மேல் போகாத கல்கட்டுகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, சாந்து பூசாமல், மேட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தபடி, முதுகுப்புறம் ஜல்லி போட்டது. சாந்து இல்லாத கல்கட்டில் இடுக்கெல்லாம் வழிதான், தண்ணீர் கசிந்து போய்விடும். சிமென்ட் சுவரில் தண்ணீர் துளைகளை விட்டிருந்தாலும் அவை அடைத்துக்கொண்டால் பின்னால் சேரும் தண்ணீரின் பாரம் முழுவதையும் சுவர்தான் தாங்க வேண்டும். இதில் இன்னொரு சின்ன ரகசியம் உண்டு. எங்கள் மண் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது, அதனால்தான் இங்கே ஹைட்ரேஞ்சியா அந்த நீலத்தில் பூக்கிறது. புதுச் சிமென்ட் சுவரை ஒட்டி அதை நட்டுப் பாருங்கள், சுண்ணாம்பு இறங்கி மண்ணின் புளிப்பு குறைந்து பூ மெதுவாக ரோஸ் நிறத்துக்கு மாறும். அசேலியாவுக்கும் கமேலியாவுக்கும் இலையே வெளுத்துவிடும். அப்புறம் நர்சரிக்காரரைத் திட்டிப் பயனில்லை.

சரிவோடு ஒத்துப்போன தோட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களை நான் குன்னூரில் இருக்கும் சிம்ஸ் பூங்காவுக்குத்தான் அனுப்புவேன். 1874-ல் ஜே.டி. சிம்ஸும் மேஜர் மரேயும் தொடங்கியது, ஏறத்தாழ 12 ஹெக்டேர். பழக் கண்காட்சிக் கூட்டத்தில் போகாதீர்கள், வேலைநாளில் காலையில் போங்கள். இயற்கையாக இருந்த ஒரு பள்ளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பாதையை வளைத்து வளைத்து இறக்கி, தண்ணீர் போய்ச் சேரும் அடியில் குளத்தை வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் நின்றாலும் தோட்டம் முழுவதும் தெரியாது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் அதை வடிவமைத்த மேக்ஐவர் 1848-ல் எடுத்துக்கொண்ட இடமும் தொட்டபெட்டாவின் அடிச்சரிவுதான். அங்கே எல்லாரும் கீழே இருக்கும் பெரிய புல்வெளியில் உட்கார்ந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் மூச்சு வாங்க மேலே ஏறினால்தான் அதன் உண்மையான அழகு.

பனிக்கு வருகிறேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டிப் பக்கம் உறைபனி. குளிர்காற்றும் தண்ணீரைப் போலவே கனமாகக் கீழ்நோக்கி இறங்கி பள்ளத்தில் தேங்கும். சரிவுக்குக் குறுக்காக நெருக்கமான வேலிச்செடி வைத்தால் அதுவே அணையாகி, வேலிக்கு மேல்பக்கம் இருக்கிற செடியெல்லாம் கருகிவிடும். கீழ்க்கோடியில் ஒரு இடைவெளி விட்டால் போதும், காற்று வடிந்துவிடும். அந்தச் சமமான புல்தரைக்கு இங்கே போடுவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்குயூ புல். உறைபனி விழுந்தால் பழுப்பாகிவிடும், அதாவது வெளியூர்க்காரர்கள் புத்தாண்டு விடுமுறைக்கு வந்து இறங்கும் அதே நாட்களில்.

செடி விஷயத்தில் நான் சுத்த சைவம் இல்லை. ஹைட்ரேஞ்சியாவும் கமேலியாவும் வெளிநாட்டுக்காரர்கள்தான், ஆனால் நட்ட இடத்தில் இருப்பவர்கள். ஸ்காட்ச் புரூம் அப்படியில்லை. மஞ்சள் பூ அழகுக்காகக் கொண்டுவந்தது, இன்று மேல்மலைப் புல்வெளிகளில் புதர் புதராகக் கிடக்கிறது. உண்ணிச்செடியும் அதே கதை. வேலி தாண்டிப் பரவும் எதையும் நான் வைக்க மாட்டேன், எவ்வளவு கேட்டாலும் சரி. அதற்குப் பதில் இந்த மலைக்கே சொந்தமான தவிட்டுப்பழம் வைக்கலாம், காட்டுப்பூவரசு வைக்கலாம் (ரோடோடென்ட்ரான்தான், சிவப்புப் பூ, ஆனால் வளர நிறையப் பொறுமை வேண்டும்). குறிஞ்சி கேட்கிறவர்களும் உண்டு. நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030 என்று சொன்னதும் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இடத்தில் ஏற்கெனவே சீகை மரங்கள் (சீயக்காய் இல்லை, வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம்) இருந்தால் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டச் சொல்வார்கள், காட்சி மறைக்கிறதாம். 1955-லேயே மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, பட்டா நிலம் என்பதால் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெட்டிய மரத்தின் வேர் சில வருஷங்களில் மக்கிப்போகும்போதுதான் சரிவு பிடிமானம் இழக்கும். இந்த மலையின் இயற்கைக் காடான சோலையின் மரக்கன்றுகளுக்கோ சின்ன வயதில் நிழல் வேண்டும். ஆகவே சீகையின் நிழலிலேயே நாவல், விக்கி போன்ற சோலை மரங்களை நட்டு, அவை எழும்ப எழும்ப, அனுமதி வாங்கிச் சீகையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் மலைக்கே தெரியாது. காட்சிக்கு வேண்டுமானால் இரண்டு கிளைகளைக் கழித்துவிடலாம், பள்ளத்தாக்கு முழுவதும் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரிந்துவிட்டால் பிறகு தோட்டத்தில் எதற்கு நடக்க வேண்டும்?

கடைசியாக வரப்போகிற விருந்தாளிகள். காட்டுமாடு ஒரு வழியில் வந்து பழகிவிட்டால் அதில் முள்கம்பி கட்டிப் பலனில்லை, கம்பியும் போகும் மாடும் காயப்படும். நான் அந்த வழியைத் தோட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் வரையவே தொடங்குவேன். கிக்குயூ நல்ல தீவனப்புல் என்பது உங்களைவிட அவற்றுக்கு நன்றாகத் தெரியும். கிழங்குச் செடிகளை முள்ளம்பன்றி தோண்டும், அடியில் கம்பிவலை போட்டுத்தான் நட வேண்டும். பழ மரத்தை மட்டும் வீட்டுச் சுவரை ஒட்டி வைக்கவே வைக்காதீர்கள், கரடி நேராக வாசலுக்கு வந்துவிடும். பேரிக்காயும் பிளம்ஸும் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து தள்ளி, இடத்தின் கீழ்க்கோடியில், அதுவும் பழுக்கிற மாதங்களில் உதிர்ந்ததைத் தினமும் பொறுக்கி எடுக்க ஆள் இருந்தால் மட்டும்.