50:50 வந்ததால் மாட்டிக்கொண்டேன்

நேற்று சாயங்காலம் மின்னஞ்சல் வந்துவிட்டது. காம்ப்ரிஹென்சிவ் வைவா (முனைவர் பட்ட ஆய்வின் நடுவில் வரும் வாய்மொழித் தேர்வு) பாஸ். இரண்டாவது முறையில்தான். முதல் முறை "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று மாதமும் ஹாஸ்டலில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆட்டம் புரோப்பில் (ஊசி வடிவ மாதிரியின் நுனியிலிருந்து மின்புலமும் லேசர் துடிப்பும் அணுக்களை அயனிகளாகக் கழற்ற, பறந்த நேரத்தை வைத்து எது எந்த அணு என்று எண்ணும் கருவி) ஆய்வு செய்கிறவர்கள் அடுத்து அதே நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள் என்பதால், சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு ஸ்லைடு. மாதிரி, காலியம் நைட்ரைடு. "நைட்ரஜன் 50.1 ± 0.05 அணு சதவீதம்" என்று பெரிய எழுத்தில் பெருமையாகப் போட்டிருந்தேன். காலியமும் நைட்ரஜனும் பாதிக்குப் பாதி வர வேண்டும், வந்தது, அப்புறம் என்ன?

புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த 0.05 எங்கேர்ந்தும்மா வந்தது?"

"பத்து லட்சம் அணுக்கள் சார். எண்ணிக்கைப் பிழை."

"லேசர் ஆற்றலை மாத்தினா நைட்ரஜன் மாறுமா?"

"மாறும் சார். சில சதவீதம்."

"அப்போ 0.05-ன்னு எப்படிப் போட்டே?"

அதற்குப் பிறகு கேட்ட எதுவும் மண்டையில் ஏறவில்லை.

விடுதிக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. இந்தச் சேர்மத்தில் இரண்டு இழப்புகள் எதிரெதிராக நடக்கின்றன. லேசர் ஆற்றலைக் கூட்டினால் அயனிகளைக் கழற்றக் குறைந்த மின்புலமே போதும். ஆனால் அந்தக் குறைந்த புலத்தில் நைட்ரஜனில் ஒரு பங்கு மின்னேற்றமே இல்லாத மூலக்கூறாகக் கிளம்பிப் போய்விடுகிறது, டிடெக்டரில் பதிவாவதில்லை. லேசரைக் குறைத்தால் புலம் ஏறுகிறது. இப்போது காலியம் துடிப்புக்குக் காத்திருக்காமல் இடைப்பட்ட நேரத்திலேயே கழன்றுகொள்கிறது. எப்போது கிளம்பியது என்று தெரியாததால் பறந்த நேரமும் தெரியாது, பின்புல இரைச்சலில் கரைந்துபோகும். நடுவில் எங்கோ ஓரிடத்தில் இரண்டு இழப்பும் சமமாகும். தராசின் இரண்டு தட்டிலிருந்தும் ஒரே அளவு திருடினால் முள் நடுவில்தானே நிற்கும்? என் 50.1 அந்த முள்தான். 0.05 என்பது முள் எவ்வளவு ஆடாமல் நிற்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, திருட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே என் ஒரே மந்திரம், வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்: ஸ்லைடில் லேசர் துடிப்பின் ஆற்றலை, அதாவது பிகோஜூலை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். காலியத்தின் இரட்டை மின்னேற்ற அயனிக்கும் ஒற்றை மின்னேற்ற அயனிக்கும் உள்ள விகிதத்தை எழுதுங்கள். ஊசி நுனியின் வடிவம் மாறினாலோ லேசர் குவியம் நகர்ந்தாலோ அதே பிகோஜூல் வேறு புலத்தைத் தரும். விகிதம் நேராகப் புலத்தைச் சொல்லும், எந்த விகிதத்துக்கு எந்தப் புலம் என்று காட்டும் கிங்ஹாம் வளைவுகள் அதற்குத்தான். இரண்டாம் முறை கிடைமட்டத்தில் இந்த விகிதம், செங்குத்தில் நைட்ரஜன் சதவீதம் என்று ஒரே ஒரு வரைபடம் கொண்டுபோனேன். சாய்ந்து ஏறும் கோடு. பாதி நேரம் அதிலேயே ஓடிவிட்டது.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- நிறை ஸ்பெக்ட்ரத்தில் (நிறையை மின்னேற்றத்தால் வகுத்த மதிப்புக்கு எதிரே எண்ணிக்கை) 14 டால்டன் பீக்கை ஒற்றை நைட்ரஜன் என்று கண்ணை மூடிக்கொண்டு குறிக்காதீர்கள். இரட்டை மின்னேற்ற நைட்ரஜன் மூலக்கூறும் அங்கேதான் விழும், அதில் ஒரு அயனிக்கு இரண்டு அணு. பிரிக்க வழி 14.5: மூலக்கூறின் ஓர் அணு நைட்ரஜன்-15 ஆக இருந்தால் அது அங்கே விழும், ஒற்றை நைட்ரஜன் விழாது. நைட்ரஜன்-15 இயற்கையில் 0.37 சதவீதம்தான் என்பதால் அந்த பீக் குட்டியாக இருக்கும், பின்புலத்தை ஒழுங்காகக் கழித்தால்தான் தெரியும்.
- காலியத்தின் இரண்டு ஐசோடோப்புகளான 69-க்கும் 71-க்கும் விகிதம் சுமார் 1.5 வருகிறதா பாருங்கள். குறைந்தால், ஒரே துடிப்பில் நெருக்கமாக வந்த அயனிகளை டிடெக்டர் தவறவிடுகிறது. அதிகமாக வருகிறவன்தான் அதிகமாகத் தொலைவான்.
- "டிடெக்டர் திறன் குறைவு, அதனால் நைட்ரஜன் குறைகிறது" என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஒற்றையாக வருகிற அயனி எந்தத் தனிமமானாலும் டிடெக்டர் ஒரே விகிதத்தில்தான் தவறவிடும். பக்கத்து அறை நண்பர் இதில் மாட்டினார்.
- பல்லயனி நிகழ்வு (ஒரே துடிப்பில் பல அயனிகள் வருவது) கேட்டால், அப்படி ஜோடியாக வந்த அயனிகளின் நிறைகளை ஒன்றுக்கெதிர் ஒன்றாகப் போடும் சாக்ஸி வரைபடத்தைக் கையால் போட்டுக் காட்டுங்கள்.
- அலுமினியம் காலியம் நைட்ரைடு என்றால் உயர்புலத்தில் காலியம் தொலைந்து அலுமினியம் கூடுதலாகத் தெரியும்.
- வரலாறு ஒரு கேள்விதான். 1955-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முல்லரோடு அணுக்களை முதலில் படம் பிடித்தவர் கன்வர் பகதூர் என்றேன், தலைவர் முகம் மலர்ந்தது. ஆட்டம் புரோப் வந்தது 1967-ல்தான்.

மாக் வைவா (ஒத்திகைத் தேர்வு), குழுப் படிப்பு எல்லாம் எனக்கு ஒத்துவராது. நாலு பேர் முன்னால் ஒத்திகை பார்த்தால் அவர்கள் கேள்விதான் கனவில் வரும். பழைய ஸ்பெக்ட்ரத்தை எடுத்து, மென்பொருள் பூசிய வண்ணத்தையெல்லாம் நீக்கிவிட்டு, ஒவ்வொரு பீக்குக்கும் "இது வேறு யாராக இருக்கலாம்?" என்று தாளில் எழுதினேன். உங்களுக்குப் பேசினால்தான் தெளியும் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

கடைசிக் கேள்வியும் அதே மனிதரிடமிருந்துதான். "காலியம் நைட்ரைடுக்கு விடை முன்னாடியே தெரியும். நாளைக்கு விடை தெரியாத ஒரு நைட்ரைடு கொடுத்தா என்னம்மா பண்ணுவே?"

"ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டேன் சார். புலத்தை மாற்றி மாற்றி எடுத்து, எண் எவ்வளவு நகர்கிறதோ அதையும் சேர்த்துத்தான் சொல்வேன்."

"சரி, வெளியே உட்காரும்மா."