சின்னப் பிள்ளைகளும் உடல் பாதுகாப்பும்: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

தமிழ்நாட்டில் இன்று பள்ளி திறப்பு. எல்.கே.ஜி.யில் சேரும் பிள்ளைக்குக் கண், மூக்கு, முட்டி, தொப்புள் எல்லாம் பெயர் சொல்லத் தெரியும். தொப்புளுக்குக் கீழே வந்ததும் பெரும்பாலான வீடுகளில் பெயர் நின்றுபோய் ‘ஷேம் ஷேம்’ வந்துவிடுகிறது. அந்த இடத்தைப் பற்றிப் பேசுவதே வெட்கக்கேடு என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். பிறகு அங்கே ஏதாவது நடந்தால் சொல்ல வாய் வராது. ‘பூ’, ‘குஞ்சு’ போன்ற செல்லப் பெயர்களில் வேறு சிக்கல். “அந்த அண்ணா என் பூவைத் தொட்டாங்க” என்று பிள்ளை சொன்னால், மிஸ் தலையில் வைத்த பூவைத்தான் நினைப்பார்.

குளிப்பாட்டும்போது தலையிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வரலாம்: கழுத்து, மார்பு, வயிறு, ஆண்குறி அல்லது பெண்குறி, தொடை, முட்டி, பின்னால் பிட்டம். நடுவில் குரலைத் தாழ்த்தக் கூடாது, வேகமாகத் தாண்டவும் கூடாது. புத்தகச் சொல் வாயில் வரவில்லை என்றால் வீட்டுச் சொல்லே இருக்கட்டும். ஆனால் ஆசிரியருக்கும் டாக்டருக்கும் கேட்டவுடன் புரிகிற சொல்லாக அது இருக்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

கழிப்பறை போனபின் கால் கழுவி விடுவதைப் பற்றி. இதில் பிள்ளை எவ்வளவு சீக்கிரம் தன் கையை நம்புகிறதோ, அவ்வளவு குறைவான பேர் அதன் உடலைத் தொட வேண்டியிருக்கும். மூன்று வயதில் பெரியவர் தண்ணீர் ஊற்ற, பிள்ளையின் கை கழுவட்டும். சின்ன மக்காக இருந்தால் நான்கு வயதில் அதுவே ஊற்றிக்கொள்ளும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவச் சொல்லித்தர வேண்டும். மாற்றிக் கழுவினால் சிறுநீர்த் தொற்று வரலாம். கடைசியில் சோப்பு போட்டுக் கை கழுவுவது தனிப் பழக்கம், அதையும் சேர்த்தே.

பள்ளிக்குக் கொக்கி வைத்த டவுசர் வேண்டாம், இலாஸ்டிக் போட்டதே நல்லது. கொக்கியைக் கழற்றத் தெரியாத பிள்ளை ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட்டாக வேண்டும்.

கழுவி விட அனுமதி உள்ளவர்கள் யார் யார் என்று பிள்ளைக்குப் பெயர் சொல்லித் தெரிய வேண்டும்: அம்மா, அப்பா, பாட்டி, பள்ளியில் ஆயா. பட்டியல் அவ்வளவுதான். கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார், ஆயா லீவு போட்டால் யார் என்று பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஜூன் 7, சனி

விருந்தாளி வரும் நாள். “மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு!” பிள்ளை அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிகிறது. “கொடும்மா, மாமா கோவிச்சுக்குவாங்க” என்று இழுத்து விடுகிறோம். பெரியவர் கேட்டால் உடம்பைக் கொடுத்துவிட வேண்டும், பிடிக்கவில்லை என்று காட்டினால் பெரியவர் மனம் நோகும் என்பது இந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை மனதில் பதிந்துவிடுகிறது. இதையே வாரம் முழுக்கச் செய்துவிட்டு ஒருநாள் “யாராவது தொட்டால் வேண்டாம்னு சொல்லணும்” என்றால் எப்படிச் சொல்லும்? அந்தச் சொல் நம் வீட்டிலேயே ஒருமுறைகூடச் செல்லுபடியாகவில்லையே.

மரியாதை வேண்டும்தான். அதற்கு வணக்கம் இருக்கிறது, கையசைப்பு இருக்கிறது, கையோடு கை தட்டும் ஹை-ஃபை இருக்கிறது. எது வேண்டும் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தாத்தா பாட்டி வருத்தப்பட்டால், பிள்ளை காதுபடவே, “அவளுக்கு இப்ப முத்தம் வேண்டாமாம், அப்புறம் தோணினா அவளே வருவா” என்று அம்மாவோ அப்பாவோ சொல்ல வேண்டும். அந்தச் சுமையைப் பிள்ளை தலையில் ஏற்றக் கூடாது.

கிச்சுகிச்சு மூட்டுவதும் இதே கணக்கு. கிச்சுகிச்சுவில் சிரிப்பு தன்னால் வரும், பிடிக்காதபோதும் வரும். அதனால் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. “போதும்” என்று ஒரே முறை சொன்னதும் கை நிற்க வேண்டும். நிறுத்திவிட்டு, “போதும்னு சொன்னே, நிறுத்திட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்வது நல்லது.

எல்லா “வேண்டாம்”களையும் ஏற்க முடியாது. தடுப்பூசி, பல் துலக்குவது, ரோட்டில் கையைப் பிடிப்பது உண்டு. அங்கே காரணத்தைச் சொல்லி, சின்னத் தேர்வு ஒன்றைக் கொடுக்கலாம்: “ஊசி போட்டே ஆகணும். அம்மா மடியிலயா, அப்பா மடியிலயா?”

ஜூன் 10, செவ்வாய்

‘குட் டச், பேட் டச்’ என்று சொல்லித்தருவது பரவலாகிவிட்டது. அது எங்கே சறுக்குகிறது என்று பார்க்க வேண்டும். ஊசி வலிக்கும், ஆனால் ஆபத்தில்லை. ஆபத்தான தொடுதல் மென்மையாக, கதை சொல்லிக்கொண்டே, சாக்லேட்டோடு வரலாம். உடலுக்கு இதமாகக்கூட இருக்கலாம். பிள்ளைக்குக் குழப்பம் வரும். ‘கெட்ட’ என்ற சொல்லைக் கேட்டுத் தானே கெட்டுப்போனதாகவும் நினைக்கும். எனவே உணர்வை வைத்து எடை போடச் சொல்லாமல் ஒரு விதியைக் கொடுப்பது மேல்:

“ஜட்டி மூடுற இடம், மார்பு, உதடு, இதெல்லாம் உன்னோடது. யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, போன்ல படம் எடுக்கக் கூடாது. அவங்களோடதை உன்கிட்ட காட்டவோ தொடச் சொல்லவோ கூடாது.” விலக்கு இரண்டுதான்: பட்டியலில் உள்ளவர் சுத்தம் செய்ய, அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது டாக்டர் பார்க்க. பார்ப்பதையும் காட்டுவதையும் படம் எடுப்பதையும் விட்டுவிட்டுத் தொடுதலை மட்டும் சொல்லித்தருவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

ஆண்பிள்ளைக்கும் இதே பாடம், ஒரு வரிகூடக் குறையாமல். மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கும் மேல் ஆண் குழந்தைகள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். ‘பூச்சாண்டி பிடிச்சுக்குவான்’ என்று தெரியாதவரை மட்டும் காட்டிப் பயமுறுத்துவது அதனால்தான் போதாது.

ஜூன் 13, வெள்ளி

ரகசியமும் சர்ப்ரைஸும் ஒன்றில்லை. அப்பா பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டை நாளைக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். “யார்கிட்டயும் எப்பவும் சொல்லாதே” என்றால் அது வேறு. நம் வீட்டில் அப்படி ரகசியம் கிடையாது என்று சொல்லிவைக்கலாம். ஆனால் “அப்பாகிட்ட சொல்லாதே, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்” என்று நாமே பேரம் பேசினால் இந்தப் பாடம் அன்றோடு போயிற்று. வளைத்துப்போட வருபவர் தொடங்குவதும் இதே மாதிரிச் சின்ன ரகசியத்தில்தான்.

கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, விரலுக்கு ஒருவராக, எதையும் நம்பிச் சொல்லக்கூடிய ஐந்து பெரியவர்கள். பிள்ளையே சொல்லட்டும். அதில் ஒருவராவது வீட்டுக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும். முதல் ஆள் காதில் வாங்கவில்லை என்றால் அடுத்த விரல்.

ஜூன் 16, திங்கள்

சொல்லிக் கேட்பதைவிட நடித்துப் பார்ப்பது நிற்கும். நான்கு வயதுக்குப் பத்து நிமிடம் போதும். முதல் நாலு வாரம் வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. பொம்மையை வைத்துக் கேட்கலாம்: “பெரிய அண்ணா போனைக் காட்டி, கதவைச் சாத்திட்டு வான்னு பொம்மையைக் கூப்பிடறாரு. பொம்மை என்ன பண்ணும்?” வேண்டாம் என்று சொல்லும், அங்கிருந்து போகும், விரலில் இருப்பவரிடம் சொல்லும். மூன்றும் நடித்துக் காட்ட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை: பெரியவர் முகத்தைக் கொடூரமாக வைத்து நடிக்கக் கூடாது, ஆபத்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பதிந்துவிடும். பிள்ளையின் அந்தரங்க இடத்தைத் தொட்டுக் காட்டக் கூடாது. உறைந்துபோய்க் கத்த முடியாமல் போகும் பிள்ளைகள் பலர். “கத்த முடியலைன்னாலும் உன் தப்பில்லை. அப்புறம் எப்ப வேணும்னாலும் சொல்லலாம்” என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

பிள்ளை வந்து சொல்லிவிட்டால். முகம் மாறாமல் கேட்பது எளிதில்லை, ஆனாலும் முயல வேண்டும். பதறினால் பிள்ளை பாதியில் நிறுத்திவிடும். “சொன்னது நல்லது. நான் நம்பறேன். உன் மேல தப்பில்லை.” முதலில் இவ்வளவுதான். “ஏன் அப்பவே சொல்லலை?” வேண்டாம். “அவன் இங்கே தொட்டானா?” என்று நாமே எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம்; “அப்புறம் என்ன ஆச்சு?” போதும். பிள்ளை சொன்ன சொற்களை மாற்றாமல், தேதியும் நேரமும் போட்டு எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு உறவினர் முன்னும் திரும்பச் சொல்லவைப்பது கொடுமை.

அண்மையில் நடந்ததென்றால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். கொண்டு வந்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது.

உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி. நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பிள்ளையுடன் இருக்கலாம். எக்காரணம் கொண்டும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்க முடியாது.

குடும்பத்துக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் கூடுவார்கள். அந்தப் பேச்சுக்கு உட்காரவே வேண்டாம். தொல்லை கொடுத்தவர் அதே வீட்டில் இருப்பவர் என்றால் வெளியேற வேண்டியது அவர்தான். பிள்ளையை ஊருக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினால், வாய் திறந்ததற்குத் தனக்குக் கிடைத்த தண்டனையாகத்தான் அது அதை எடுத்துக்கொள்ளும்.