அதுவும் இதுவும்

மார்ச் 4

மாத்திரை மாத்திக் குடுத்துருக்காங்க. தூக்கமே இல்ல. அப்பாகிட்டருந்து போனும் வரல.

மார்ச் 5

அண்ணி கேட்டது இன்னும் காதுலயே இருக்கு. "டிப்ரஷன் சரியாயிட்டா அதுவும் சரியாயிடும்லமா?" அதுன்னு அவங்க சொன்னது என் தன்பாலீர்ப்பை. பாசமாதான் கேட்டாங்க. திட்டிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

மார்ச் 6

ராத்திரி முழிச்சு என்ன பண்றதுன்னு செலஸ்ட்ன்ற வீடியோ கேம திரும்ப ஆரம்பிச்சேன். மேடலின்னு ஒரு பொண்ணு மலை ஏறணும், அவ்ளோதான் கதை, ஆனா ரோப்கார் நடுவுல நின்னு அவளுக்கு பேனிக் அட்டாக் வருமே அந்த இடம் வந்ததும் எனக்கு கை வேர்த்துருச்சு. கூட இருக்குற தியோ ஒரு இறகை நினைச்சுக்கோன்னு சொல்லுவான், பட்டனை அழுத்துனா இறகு மேல போகும் விட்டா இறங்கும், கட்டத்துக்குள்ளயே வெச்சிருக்கணும், அவ மூச்சோட சேர்ந்து நம்ம மூச்சும் மெதுவாயிடும். டாக்டர் சொல்லிக் குடுத்த மூச்சுப் பயிற்சி ஒரு நாளும் எனக்கு வந்ததில்ல, இது வந்துச்சு. 2018ல வந்த கேம். இதுக்கு முன்னாடி விளையாண்டதுல எல்லாம் மனசு சரியில்லன்னா திரையில ஒரு மீட்டர் இருக்கும், இருட்டுல நின்னா குறையும், காலியானா பூச்சி பூச்சியா தெரியும். என் மனசு அப்படி ஒரு மீட்டர்ல அடங்குறதில்லயே.

மார்ச் 7

அப்பா போன் வரல.

மார்ச் 8

ஆறாவது சாப்டர். இங்கயும் அதே இறகு வரும், ஆனா கண்ணாடிலேருந்து வெளிய வந்தாளே அவளோட இன்னொரு பாதி, அவ அதை வெட்டிப் போட்டு இவளையும் மலையிலேருந்து கீழ தள்ளிடுவா. இத எழுதுனவங்க நிஜமாவே அனுபவிச்சிருக்கணும், ஏன்னா நேத்து வேலை செஞ்ச வித்தை இன்னைக்கு வேலை செய்யாதுன்னு வெளிய இருக்குறவங்களுக்குத் தெரியாது. அப்புறம் ரெண்டு பேரும் சமாதானமாயிடுவாங்க. அந்த இன்னொரு பாதி செத்துப்போறதில்ல, கூடவே ஏறுறா, அதனால இனிமே நடுவானத்துல ரெண்டு தடவ பாய முடியும். கதையில மட்டும் சொல்லியிருந்தா அழகான வசனம்னு கடந்து போயிருப்பேன், கைல அந்த ரெண்டாவது பாய்ச்சல் வரும்போதுதான் நம்பினேன்.

சாப்பாடு ஒரு வேளைதான் இறங்குச்சு.

மார்ச் 9

ஃபேர்வெல் முடிச்சேன். செலஸ்ட்ல 2019ல சேர்த்த கடைசிப் பகுதி. முடிவுல மேடலினோட ரூம் தெரியும், மேசைல மாத்திரை பாட்டில், பக்கத்துல தன்பாலீர்ப்புக்காரங்களோட வானவில் கொடி ஒண்ணு, டிரான்ஸ், அதாவது திருநர் கொடி ஒண்ணு. யாரும் எதுவும் விளக்குறதில்ல. 2020 நவம்பர்ல இந்த கேம உருவாக்கின மேடி தார்சன் எழுதினாங்க, ஆமா மேடலின் டிரான்ஸ்தான், கேம் பண்ணிட்டு இருந்தப்போ அவளும் டிரான்ஸ், நானும் டிரான்ஸ்னு எனக்கே தெரியாதுன்னு.

மாத்திரையும் கொடியும் ஒரே மேசைல. இதனால அதுன்னும் இல்ல, அதனால இதுன்னும் இல்ல, ரெண்டும் அவளோடது. அண்ணி, இத உங்களுக்கு எப்படி காட்டுறது நான்.

மார்ச் 10

1973லயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்ப நோய்ப் பட்டியல்லேருந்து எடுத்துருச்சு, 1990ல உலக சுகாதார நிறுவனமும் எடுத்துருச்சு. அண்ணிக்கு லிங்க் அனுப்புனேன். ப்ளூ டிக் விழுந்துச்சு. பதில் இல்ல.

மார்ச் 11

மூணு மணிக்கு ஒரு பயம். ஒருவேளை டிப்ரஷனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருந்தா? இருந்தா அது வேற பக்கத்துலேருந்துதான், இத்தனை வருஷம் ஒளிச்சு ஒளிச்சு வெச்சதுல உள்ள ஏதோ பழுத்துருச்சுன்னுதான் இருக்கும். ஆனா இத சொன்னா "பாத்தியா சம்பந்தம் இருக்குன்னு நீயே சொல்ற"ம்பாங்க. அதனால சொல்லவும் முடியாது.

மார்ச் 12

அண்ணன் காலேஜ்ல இருந்தப்போ அவுட்லாஸ்ட்னு ஒரு திகில் கேம் விளையாடுவான், நான் பக்கத்துல உக்காந்து பாப்பேன். 2013ல வந்தது. மனநல ஆஸ்பத்திரி, இருட்டு, நோயாளிங்க தொரத்துவாங்க நாம ஓடணும். அந்த கேம்ல அவங்க ஒவ்வொருத்தருக்கும் முன்னாடி ஒரு வாழ்க்கை இருந்துருக்குமேன்னு யோசிக்கவே விடாது. வீட்ல சைக்கியாட்ரிஸ்ட்ன்ற வார்த்தைய நான் முதல்ல சொன்னப்போ அண்ணன் முகத்துல வந்த பயம் எங்கருந்து வந்துச்சுன்னு யோசிக்கிறேன், அந்த கேம் மட்டும் காரணமில்ல, நம்ம சினிமாவும் அப்படித்தான்.

ஹெல்பிளேட், 2017ல வந்த இன்னொரு கேம். அதோட நாயகி செனுவாவுக்கு காதுல குரல் கேக்கும், ஹெட்போன் போட்டா நம்ம தலைய சுத்திச் சுத்திப் பேசும், இடது பக்கம் ஒண்ணு சிரிக்கும் பின்னாடி ஒண்ணு திட்டும். அதைப் பண்ண நிஞ்சா தியரி கம்பெனிகாரங்க கேம்பிரிட்ஜ் மனநலப் பேராசிரியர் பால் ஃபிளெட்சர்கிட்டயும், குரல் கேட்டு வாழ்றவங்ககிட்டயும் உக்காந்து பேசிப் பண்ணது. அந்தக் குரலுங்களே சண்டைல "பின்னாடி பாரு"ன்னு எச்சரிக்கவும் செய்யும். கெட்டதுன்னு மொத்தமா ஒதுக்க முடியாம இருக்குறதுதான் நிஜம். அவ அப்பா மட்டும் அது சாபம்னே சொல்லிச் சொல்லி வளத்துருப்பாரு. நோயவிட அந்த வார்த்தைதான் அவளை அதிகமா தின்னுச்சுன்னு எனக்குத் தோணுது.

மார்ச் 13

அப்பா அண்ணன்கிட்ட பேசினாராம். ஒரு டாக்டர் பேரு வாங்கி வெச்சிருக்காராம், "இதையெல்லாம்" மாத்துறவராம்.

2021 ஜூன்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புல, மாத்துறேன்னு வைத்தியம் பண்றதைத் தடை பண்ணச் சொல்லியிருக்காரு, நம்ம சென்னை உயர்நீதிமன்றம்தான். அப்பாவுக்கு கோர்ட்டுன்னா மரியாதை உண்டு. பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன்.

மார்ச் 14

தூங்கினேன்! ஆறு மணி நேரம்!

மார்ச் 16

டெல் மீ வைன்னு ஒரு கேம்ல ரெண்டாவது சாப்டர் வரைக்கும் வந்துட்டேன். டைலர் டிரான்ஸ் பையன், குரல் குடுத்தது ஆகஸ்ட் பிளாக், அவரும் டிரான்ஸ். சின்ன வயசுல முடிய வெட்டிக்கிட்ட ராத்திரி அம்மா தன்னத் தாக்க வந்தாங்க, தான் இப்படி இருக்குறதாலதான்னு வருஷக்கணக்கா நம்பிட்டு இருப்பான். திரும்ப அந்த வீட்டுக்குப் போனா, அம்மா அவனைப் புரிஞ்சுக்க முயற்சி பண்ணிருக்காங்கன்னு தெரிய வரும், அவங்க மனசுக்குள்ள வேற பெரிய கஷ்டம் ஓடிட்டு இருந்துருக்கு. அப்ப இவன் தூக்கிட்டுத் திரிஞ்ச பழி? அவனுக்கும் கூட இரட்டையா பொறந்தவளுக்கும் ஒரே நாளு வேற வேற மாதிரி ஞாபகம் இருக்கும், எத நம்புறதுன்னு நாமதான் தேர்ந்தெடுக்கணும். ஒரு இடத்துல அரை மணி நேரம் தேர்ந்தெடுக்காமயே உக்காந்துருந்தேன்.

அம்மா இருந்துருந்தா என்ன சொல்லிருப்பாங்கன்னு அண்ணனுக்கு ஒரு பதில் இருக்கு, எனக்கு ஒண்ணு இருக்கு.

மார்ச் 17

அண்ணி மெசேஜ். "அந்த மலை ஏறுற கேம் என் போன்ல வருமா"ன்னு கேக்குறாங்க. போன்ல வராது அண்ணி, சனிக்கிழமை லேப்டாப் எடுத்துட்டு வரேன்னு சொன்னேன். அப்பா வீட்லதான் இருப்பாராம்.