உங்க மழையா, எங்க மழையா?

காலாண்டு லீவுக்குத் திருச்சியிலிருந்து அக்கா மகன் வந்து இறங்கிய அன்றுதான் எங்கள் குறுவை அறுவடையும் முடிந்தது. மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே எங்கள் ஊர். புரட்டாசி மாதம். நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்க வேண்டுமே என்று அப்பா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனும் மருமகனும் திண்ணையில் உட்கார்ந்து செல்போனுக்குள் போகிமான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் இருவரும் ஒரு கட்சி, யாரோ ஒரு எதிராளி மறு கட்சி; கட்சிக்கு இரண்டு போகிமான் ஜந்துக்கள் ஒரே நேரத்தில் நின்று சுற்றுச் சுற்றாக மோதும் ஆட்டம்.

பையனுக்கு வயது 12. அவனுக்கு சாரிசார்ட் என்ற போகிமான்தான் உயிர். இறக்கை, வாலில் நெருப்பு, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நெருப்பும் பறத்தலும் சேர்ந்த வகை என்பதால் பாறை அடி அதற்கு நாலு மடங்காக விழும். எதிராளி ராக் ஸ்லைடு என்ற பாறை அடியைப் போட்டால் பெரும்பாலும் அதோடு சரி. இரண்டு நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்தோம். மூன்றாம் நாள், "இனி என் பேச்சைக் கேள்" என்று டார்கோலை இறக்கினேன். முதுகில் நிலக்கரி எரியும் ஆமை அது. சாரிசார்ட்டின் வேகம் 100, இதற்கு வெறும் 20. பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

விஷயம் அந்த 20-இல்தான் இருக்கிறது. டார்கோல் களத்தில் கால் வைத்தாலே ஐந்து சுற்றுக்கு வெயில் அடிக்கும். வெயிலில் நெருப்பு அடி ஒன்றரை மடங்கு, தண்ணீர் அடி பாதி. அதன் பெரிய ஆயுதம் எரப்ஷன். உயிர் முழுசாக இருந்தால் அதன் பலம் 150, பாதி உயிர் போயிருந்தால் 75. அதாவது ஒரு அடிகூட வாங்காமல் முதலில் அடித்தாக வேண்டும். ஆமை எப்படி முதலில் அடிக்கும்? அதற்குத்தான் ட்ரிக் ரூம். அதைப் போட்டுவிட்டால் ஐந்து சுற்றுக்கு உலகம் தலைகீழ், மந்தமானதுதான் முந்தும். அதனால்தான் இன்னும் மந்தமாகட்டும் என்று வேகத்தைக் குறைக்கும் குணமாகப் பார்த்து வைத்தேன்.

ட்ரிக் ரூமைப் போடுவது ஹேட்டரீன் என்ற இன்னொரு போகிமான். ஆனால் அது அந்தச் சுற்றின் கடைசியில்தான் நடக்கும், அதுவரை ஹேட்டரீன் தாக்குப்பிடிக்க வேண்டும். பக்கத்தில் இண்டீடி என்ற போகிமானை நிறுத்தி, ஹேட்டரீனைக் குறிவைத்து வரும் அடியை அதன்மேல் வாங்கிக்கொள்ள வைத்தோம். இண்டீடி செத்தால் நல்லது. ஆமையை நடுவில் மாற்றி இறக்கினால் வரும்போதே அடி வாங்கும், எரப்ஷன் பலம் குறையும். செத்த இடத்தில் இறக்கினால் முழு உயிரோடு நிற்கும். "பாவம் மாமா அது" என்றான் பையன். மனசு கல்லாகத்தான் வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு வந்த எதிராளி பெலிப்பர் என்ற போகிமானை வைத்திருந்தான். அது இறங்கினால் மழை. மழையில் நெருப்பு அடி பாதியாகிவிடும். பையன் பதறிப்போய் ஊருக்கே கேட்கும்படி கத்தினான்: "மாமா, மழை வந்துடுச்சு!"

கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த அப்பா அந்தக் குரலைக் கேட்டு ஓடி வந்தார். மொட்டை மாடியில் காய்ந்த மிளகாயை முந்தானையில் அள்ளிக்கொண்டு அம்மா இறங்கி வந்தாள். கொளுத்துகிற வெயிலில் அப்பா தார்ப்பாயை இழுத்து, களத்து நெல் மொத்தத்தையும் மூடி, நாலு மூலையிலும் செங்கல்லை வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை.

அதே நேரம் பையன் துள்ளினான்: "ஆமை உள்ள வந்துடுச்சு! இனிமே வெயில்தான்!"

மிளகாய் அப்படியே வாசலில் கொட்டியது. "ஆமையா? எங்கடா, அடுப்படியிலயா?" அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டாள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லி வளர்ந்தவள். செல்போனைக் காட்டிச் சமாதானப்படுத்தினேன். "எதா இருந்தாலும் ஆமை ஆமைதான், திண்ணையோட நிக்கட்டும்" என்று அவள் முடித்துவிட்டாள்.

அப்பா திட்டத்தான் வந்தார். வந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மழை கொண்டு வர்றது எது?" பெலிப்பரைக் காட்டினோம். "இது கூழைக்கடால்ல? வடுவூர் ஏரிக்கு வருமே. சரிதான், மழையோட வர்ற பறவைதான்." "ரெண்டும் ஒரே நேரத்துல இறங்குனா?" மந்தமானதன் வானிலைதான் கடைசியில் நிலைக்கும் என்றேன். வேகமான பெலிப்பர் முதலில் மழையைக் கொண்டுவரும், அதன்மேல் ஆமை வெயிலைப் போட்டுவிடும். அப்பா சிரித்தார். "எங்க பெரியப்பாவும் பஞ்சாயத்துல கடைசியாத்தான் வாயைத் திறப்பாரு."

அஞ்சு சுற்று வெயில் போதுமா என்று அவருக்குக் கவலை. ஹீட் ராக் என்று ஒரு கல் இருக்கிறது, அதைக் கையில் கொடுத்தால் 8 சுற்று அடிக்கும் என்றான் பையன். நான் நெருப்பு அடிக்குக் கூடுதல் பலம் தரும் கரித்துண்டைக் கொடுத்திருந்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "வெயில் கிடைக்கும்போது கரி எதுக்குடா?"

அதற்கப்புறம் வீட்டில் ஒரு நடைமுறை வந்தது. பையன் மழை என்று கத்தினால் கொல்லையிலிருந்து குரல் வரும்: "உங்க மழையா, எங்க மழையா?" "எங்க மழை தாத்தா!" என்று இவன் பதில் கொடுப்பான். மாடு நிம்மதியாக வைக்கோல் தின்னும்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அந்த ஆட்டம் வந்தது. சாயங்காலம் நாலு மணி. இண்டீடி சரியான நேரத்தில் செத்தது. ட்ரிக் ரூம் விழுந்திருந்தது. ஆமை முழு உயிரோடு இறங்க, பெலிப்பர் கொண்டுவந்த மழை போய் வெயில் வந்தது. எரப்ஷனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

"டேய், மழைடா!" என்று கொல்லையிலிருந்து அப்பா குரல்.

பையன் தலையை நிமிர்த்தவே இல்லை. "அதான் ஆமை வெயிலாக்கிடுச்சே தாத்தா!"

செல்போன் திரையில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்து நாலு. திண்ணையில் போனைப் போட்டுவிட்டு இருவரும் குதித்து ஓடினோம். அப்பா ஒரு மூலை, நான் ஒரு மூலை, அம்மா ஒரு மூலை. நாலாவது மூலையைப் பையன் பிடிக்க, அது காற்றில் அவனையே தூக்கப் பார்த்தது. செங்கல் தேடுவதற்குள் ஓர நெல் ஒரு முழத்துக்கு நனைந்துவிட்டது.

திரும்பி வந்து பார்த்தால் நேரம் தீர்ந்து தோற்றிருந்தோம். துண்டைப் பிழிந்துகொண்டே அப்பா கேட்டார்: "ஆமைக்கு அடி கிடி பட்டுச்சா?"

"இல்ல தாத்தா, முழு உயிரோடதான் நின்னுச்சு."

அப்பா தார்ப்பாயின்மேல் தேங்கும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அப்பவே சொன்னேன், கரியை எடுத்துட்டு அந்தக் கல்லைக் குடுடான்னு."