ஏர் பிஸ்டலைக் கைக்குப் பொருத்திய கதை

10 மீட்டர் ஏர் பிஸ்டல் வாங்கியவர்கள் முதலில் விசாரிப்பது பெரும்பாலும் பெல்லட்டை, அதாவது அதில் சுடும் சின்ன ஈயக் குண்டைப் பற்றித்தான். எந்தப் பிராண்ட், தலையின் விட்டம் 4.49 மில்லிமீட்டரா 4.50-ஆ, லேசானதா கனமானதா என்று பேச்சு அங்கேயே சுற்றும். நானும் நிறையச் சோதித்தேன். ஆனால் என் பிஸ்டலைப் போட்டிக்குத் தயார் செய்த காலத்தில் கூடிய புள்ளிகளில் முக்கால்வாசி கிரிப்பும் ட்ரிகரும் கொடுத்தவை. பெல்லட்டின் பங்கு கொஞ்சம்தான். அதனால் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

முதலில் கிரிப், அதாவது கைப்பிடி. கம்பெனியிலிருந்து வரும் மரக் கிரிப் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகளில் வருகிறது. அளவு சரியாக இருந்தாலும் உங்கள் உள்ளங்கையின் மேடு பள்ளம் அதற்குத் தெரியாது. பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, கையை இயல்பாக உயர்த்தி, ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். குழலின் நுனியில் இருக்கும் குறிபார்க்கும் முனையான முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக வந்து நிற்க வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றது. அதை மணிக்கட்டால் திருத்தி நேராக்கிச் சுட முடியும்தான். ஆனால் ஒரு போட்டியின் 60 சுற்றும் அப்படித் திருத்திக்கொண்டே இருக்க மணிக்கட்டு ஒத்துழைக்காது. நாற்பதைத் தாண்டியதும் அது தன் இயல்புக்குத் திரும்பிவிடும்.

போட்டிப் பிஸ்டல்களில் கிரிப்பின் சாய்வை மாற்றப் பெரும்பாலும் திருகுகள் இருக்கும். முதலில் அவற்றோடு விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் அரத்தைக் கையில் எடுக்க வேண்டும். மரத்தைச் சீவிவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரிய வேலை. புட்டி போட்டால் எப்போது வேண்டுமானாலும் சுரண்டி எடுத்துவிடலாம். இரண்டு பகுதிகளைக் கலந்து பிசையும் மர எபாக்சி புட்டியைக் கட்டைவிரல் மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் மெல்லிசாக அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சுடும்போது எப்படிப் பிடிப்பேனோ அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். காய்ந்த பிறகு உப்புத்தாள். அப்புறம் கொஞ்ச நாள் சுட்டுப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் புட்டி, மறுபடி உப்புத்தாள். ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புதுப் பிடிக்குக் கை பழகவே நாளாகும். பழகிய பிறகுதான் எது கையின் கோளாறு, எது மரத்தின் கோளாறு என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இதில் அதிகம் பலன் கொடுத்தது நான் எதிர்பார்க்காத ஒரு சின்ன இடம். ட்ரிகரை அழுத்தும் விரலின் அடிப்பாகம் மரத்தில் உரசக் கூடாது. உரசினால் விரலை மடக்கும்போது மரத்தையும் சேர்த்துத் தள்ளுவோம், குழல் பக்கவாட்டில் நகரும். விரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் தாராளமாக நுழையும் அளவுக்கு அந்த இடத்தை அரத்தால் தேய்த்தேன். இலக்கில் இடப்பக்கம் விழுந்துகொண்டிருந்த எட்டுப் புள்ளிச் சுற்றுகள் பாதியாகக் குறைந்தன.

அடியில் உள்ளங்கையைத் தாங்கும் தட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நல்ல பிடிப்பு வேண்டும் என்று அதைக் கையோடு இறுக்கிவிடத் தோன்றும். வெயில் நாளிலும் நீண்ட பயிற்சியிலும் கை லேசாக வீங்கும். காலையில் கச்சிதமாக இருந்த கிரிப் மதியம் விலங்கு மாட்டியது போல் ஆகிவிடும். போட்டி விதியும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அந்தத் தட்டு கிரிப்போடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும், பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. இது போக, முழுப் பிஸ்டலும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. நீளமும் உயரமும் யாருக்கும் தொல்லை தருவதில்லை. புட்டி அப்புகிறவர்களுக்கு வினையாவது அந்த 50 மில்லிமீட்டர் அகலம்தான். கெட்டி அட்டையில் அதே அளவில் ஒரு பெட்டி செய்து வைத்துக்கொண்டேன். புட்டி காய்ந்த ஒவ்வொரு முறையும் பிஸ்டலை அதற்குள் இறக்கிப் பார்த்துவிடுவேன்.

அடுத்தது ட்ரிகர். சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் ட்ரிகருக்குக் குறைந்தது 500 கிராம் எடை இருக்க வேண்டும். 25 மீட்டர் பிஸ்டலுக்கு அது 1,000 கிராம். 50 மீட்டர் பிஸ்டலுக்கு வரம்பே இல்லை. 500 என்று கேட்டால் எளிதாகத் தெரியும். அந்த 500-ஐ எப்படிப் பிரிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு கட்ட ட்ரிகரில் முதல் கட்டத்தில் விரல் கொஞ்ச தூரம் பயணிக்கும், பிறகு ஒரு சுவரில் முட்டியது போல் நிற்கும், அந்தச் சுவரைத் தாண்டினால் வெடி. முதல் கட்டத்திலேயே 400 கிராம் வரை ஏற்றிவிட்டு மிச்சத்தை இரண்டாம் கட்டத்துக்கு விட்டேன். எண்பது சதவீத வேலை முடிந்த நிலையில் விரல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கடைசியில் கூட்ட வேண்டியது சொற்பம் என்பதால் குழல் அதிர்வதில்லை. இரண்டாம் கட்டத்தில் அதிக எடை பிடிக்கும் என்பவர்களும் இருக்கிறார்கள். அது விரலின் குணம்.

திருகுகளைத் தொடும் வரிசை முக்கியம். முதலில் ட்ரிகர் நாக்கின் இடம், பிறகு சியர் (ட்ரிகரை அழுத்தும்வரை சுடும் பொறியைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி) கவ்வும் ஆழம், பிறகு இரண்டு கட்ட எடைகள், கடைசியில், வெடித்த பிறகு ட்ரிகர் மேலும் போகாமல் தடுக்கும் ட்ரிகர் ஸ்டாப். சியரைத் தொட்டால் எடைகளும் மாறிவிடும் என்பதால் தலைகீழாகச் செய்தால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். எந்தத் திருகு எதற்கு என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும், கையேட்டைப் பார்க்காமல் தொடக் கூடாது. சியர் பிடிப்பை மிகக் குறைத்தால் லேசான தட்டலுக்கே வெடித்துவிடும். அது புள்ளிப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. குழல் காலி என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திருப்புளியை எடுக்க வேண்டும்.

எடையைச் சோதிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். குழலைச் செங்குத்தாக நிறுத்தி, சோதனை எடையின் கொக்கியை ட்ரிகரின் நடுப்பகுதியில் மாட்டி, சமதளத்தில் இருக்கும் எடையைத் தூக்குவார்கள். எடை மேலே எழும்பி நிற்க வேண்டும், ட்ரிகர் விழக் கூடாது. பிஸ்டலில் காற்று ஏற்றப்பட்டிருக்க வேண்டும். கொக்கி நாக்கில் கொஞ்சம் மேலே கீழே நகர்ந்தாலே முடிவு மாறும். வீட்டில் சரியாக 500-ல் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் சோதனை மேஜையில் முகம் வெளுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நான் 515-க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தப் பதினைந்து கிராமை விரல் உணரவே இல்லை. போட்டி முடிந்த பிறகும் சிலரைத் தேர்ந்தெடுத்து மறுபடி எடை பார்ப்பார்கள். அங்கே தவறினால் தகுதி நீக்கம், பேச்சே கிடையாது. அந்த இடத்தில் ஐந்து கிராம் மிச்சம் பிடித்து என்ன சாதிக்கப் போகிறோம்?

சைட்டில் நான் அதிகம் மாற்றவில்லை. முன் சைட்டின் இருபுறமும் தெரியும் வெளிச்சம் சமமாகவும் கண்ணுக்குச் சிரமம் இல்லாமலும் இருக்கும்படி பின் பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். இரண்டு சைட்டுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை 350 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் பள்ளத்துக்குள் 0.3 மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் அது எட்டரை மில்லிமீட்டர் விலகல். இலக்கில் ஒரு வளையத்தின் அகலமே 8 மில்லிமீட்டர்தான். தலைமுடி மூன்று நான்கு தடிமனுக்குள் ஒரு புள்ளி போய்விடுகிறது.

இந்தக் கணக்கோடு பெல்லட்டுக்கு வரலாம். வெடிமருந்துத் தோட்டா சுடும் நண்பர்கள் சிலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பி, மருந்தின் அளவையும் தலையின் எடையையும் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்பப் பொருத்துகிறார்கள். .22 ரிம்ஃபயர் என்னும் சிறிய தோட்டா சுடுகிறவர்களுக்கு அது நடைமுறையில் முடியாது, தயாரிப்புத் தொகுதி பார்த்து வாங்கலாம். ஏர் பிஸ்டல்காரர்களும் அதே கட்சி. நமக்கு வாய்த்தது டப்பா டப்பாவாகச் சோதித்துப் பார்ப்பது மட்டும்தான்.

பிஸ்டலைப் பிடிப்பானில் இறுக்கி, ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், ஜே.எஸ்.பி. என்று பல பிராண்ட் பெல்லட்டுகளை வெவ்வேறு தலை அளவுகளில் பத்துப் பத்தாகச் சுட்டேன். ஐந்து சுற்று போதாது, அதிர்ஷ்டத்தில் ஐந்தும் ஒரே ஓட்டையில் விழுந்துவிடும். நல்ல டப்பா ஓட்டையின் வெளிவிளிம்புகளோடு ஏழு மில்லிமீட்டருக்குள் அடங்கியது, மோசமானது ஒன்பதைத் தொட்டது. பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், பெல்லட்டின் விட்டம் 4.5. விளிம்பைத் தொட்டாலே பத்து என்பதால் பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். தகுதிச் சுற்றில் பிஸ்டலுக்கு முழு எண்களில்தான் புள்ளி. ஆக, மோசமான டப்பாவிலும் பெல்லட்டின் தவறால் மட்டும் பத்தை இழக்க முடியாது. என் கை ஆடும் ஆட்டத்தோடு சேரும்போது விளிம்பில் இருக்கும் ஒன்றிரண்டு புள்ளிகள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். அதற்காக நல்ல தொகுதியில் ஒரு பருவத்துக்குப் போதுமான டப்பாக்களை வாங்கி வைப்பது நியாயம். அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்வது வீண். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கை கழுவாமல் எதையும் வாயில் போடாதீர்கள்.

வேகத்தையும் ஒருநாள் அளந்து பார்த்தேன். வினாடிக்கு 150 மீட்டருக்குப் பக்கம். ஐந்து மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் பெல்லட் விழும் உயரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம் வரும். காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் ஒழுங்காக இருந்தால் அதை மறந்துவிடலாம். மறக்கக் கூடாதது காற்றுச் சிலிண்டரின் தேதி. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலிண்டரைப் போட்டியில் அனுமதிப்பதில்லை, அதைக் கவனிப்பது சுடுகிறவரின் பொறுப்பு. பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் சிலிண்டரில் பொறித்திருக்கும் ஆண்டைப் பாருங்கள்.

முதல் உபகரணச் சோதனையில் பெட்டிக்குள் பிஸ்டல் தடையின்றி இறங்கியது, எடையும் ஒரே தூக்கில் நின்றது. அன்று இரவே ஒவ்வொரு திருகும் எந்த நிலையில் இருக்கிறது என்று நோட்டில் எழுதி, திருகுத் தலைகளில் பெயின்ட்டால் மெல்லிய கோடு போட்டுவிட்டேன். திருகு தானாகத் தளர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் எதையும் தொடுவதில்லை. அந்த நாட்களில் சும்மா இருக்க முடியாவிட்டால், வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பெல்லட் இல்லாமல் ட்ரை ஃபயர் செய்கிறேன். ட்ரிகர் விழும் நொடியில் முன் சைட் அசைகிறதா என்பதை மட்டும் பார்க்கிறேன்.