பழைய ராணுவ வாட்சில் பாகம் மாறியிருக்கா?

1945-ல் பிரிட்டிஷ் ராணுவம் வாங்கிய ஒமேகா டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. (தண்ணீர் புகாத ராணுவக் கைக்கடிகாரத்தின் குறி) வாட்ச் விலைக்கு வந்தால், முதலில் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. உள்ளே 30டி2 (30T2) மெஷின் இருக்கணும். அதன் வரிசை எண் ஒரு கோடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மூடியின் வெளியே அம்புக்குறி, ‘ஒய்’ எழுத்தில் தொடங்கும் ராணுவ எண்.

அதிகம் மாறுவது டயலும் முள்ளும்தான். டயலில் வட்டத்துக்குள் ‘டி’ (T) இருந்தால் அதன் ஒளிரும் பூச்சு டிரிடியம். முதலில் இருந்த ரேடியம் பூச்சு டயலைக் கழற்றிவிட்டு ராணுவமே பிற்பாடு போட்டது. அதைப் போலி என்று ஒதுக்குவது தப்பு. ஆனால் ‘1945 அசல் டயல்’ என்று விற்றால் நம்பாதீங்க.

நிமிட முள் நிமிடக் கோட்டை எட்டாமல் குட்டையாக நின்றால் சந்தேகப்படணும். புறஊதா டார்ச் அடிச்சுப் பாருங்க: டயல் மங்கிக் கிடக்க, முள் மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தால் முள்ளோ பூச்சோ பிற்பாடு வந்தது. ரேடியம் பூச்சைச் சுரண்டவே கூடாது, பொடி மூச்சில் போனால் ஆபத்து.